சேர்வராயன் மலைக் காபிக்கு யார் காவல்?

காபி இலையின் மேற்புறத்தை மட்டும் பார்த்துச் செடி நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. மேலே கரும்பச்சையாகப் பளபளக்கும் இலையைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வட்டமாகப் பொடி பூத்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். தோட்டத்தில் இதை ‘ரஸ்ட்’ என்பார்கள், வேளாண்மைப் புத்தகங்கள் இலைத் துரு நோய் என்கின்றன. துரு ஏறிய இலை காலத்துக்கு முன்பே உதிரும். இலையை இழந்த கிளை இருக்கிற காய்களை ஒழுங்காக முற்றவைக்க முடியாமல் திணறும், அடுத்த ஆண்டுக்கான கொழுந்தும் வராது. இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து இப்படி நடந்தால் செடி குச்சியாக நிற்கும்.

ஏற்காட்டைச் சுற்றி, செம்மநத்தம் போன்ற மலையூர்களில், தோட்டம் என்றால் அது மூன்றடுக்கு. மேலே சில்வர் ஓக் மரம், அதில் பற்றி ஏறிய மிளகுக் கொடி, இரண்டின் நிழலிலும் அரபிகா காபி. பெரிய எஸ்டேட்டுகளும் இருக்கின்றன, மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்னத் துண்டு நிலங்களும் இருக்கின்றன. சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டின் கிரேஞ்ச் தோட்டத்தில் காபியை வைத்ததாக வரலாறு. அன்றிலிருந்து கணக்கிட்டால் இந்த மலையில் காபிக்கு இருநூறு வயது. காபிக்கு ஏற்ற மலைக்குளிரும் பனிமூட்டமும் நிழலும் துருப் பூஞ்சைக்கும் ஏற்றவை என்பதுதான் சங்கடம்.

ஒரே சரிவில், ஒரே மழையில் நனைந்த இரண்டு வரிசைச் செடிகளில் ஒன்று இலையெல்லாம் கொட்டி நிற்க, பக்கத்து வரிசை பசுமையாக இருப்பதைக் காபிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். உரம் ஒன்றுதான், மருந்தடித்த ஆளும் ஒருவர்தான். வித்தியாசம் செடியின் உயிரணுக்களுக்குள் இருக்கும் சில புரதங்களில் இருக்கிறது. அந்தப் புரதங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு யாரும் ஊகித்திருக்க முடியாத அளவுக்கு நுட்பமானது. ஆனால் கதையை அங்கிருந்து தொடங்க முடியாது, இலங்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதிக் காபித் தோட்டங்களில் இந்தப் பொடி முதலில் கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வெய்ட்ஸ் மாதிரி இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி அதற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குபவள். பெயர் வைத்தபோது நோய் இவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் அது தென்பட்டது. இலங்கையில் ஒரு தலைமுறைக்குள் காபி போய், தேயிலை வந்தது. சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து காபி பறிக்கப் போன நம் மக்கள் தேயிலை பறிக்கிறவர்களானார்கள். ஆங்கிலேயர் தேநீர்ப் பிரியர்களானதே இந்தப் பூஞ்சையால்தான் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் அதை நம்பவில்லை. துரு வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் சீனத் தேயிலையை அளவில்லாமல் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். நோய் மண்ணிலிருந்து வருகிறதா, செடியின் பலவீனத்தால் வருகிறதா என்று தோட்ட முதலாளிகள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. காற்றில் வரும் வித்து, இலையின் அடிப்பக்கத்தில் விழுந்து, நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது என்பதை அவர் படிப்படியாகக் காட்டினார். மருந்து எதுவும் அவரிடம் இல்லை. ஒரே செடியை மலை முழுக்க நட்டதுதான் பூஞ்சைக்கு வசதியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு 1882இல் ஊர் திரும்பினார்.

வார்டு கண்ட அந்த நுழைவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் செடியின் காவல் முழுவதும் அந்த வழியில்தான் அமைந்திருக்கிறது. வித்து முளைக்க இலையில் சில மணி நேரம் ஈரம் தங்க வேண்டும். 22 முதல் 24 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது. முளைத்த இழை இலைத்துளையைத் தேடிப் பிடித்து அதன் மேல் ஒரு குமிழ் போலப் பருக்கும், அங்கிருந்து உள்ளே இறங்கும். உள்ளே போனதும் உயிரணுக்களைக் கொல்லாது. இந்தப் பூஞ்சையின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவின் சுவரையும் துளைத்து, உட்சவ்வைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு, ஓர் உறிஞ்சுறுப்பைச் செருகும். அதன் வழியாகச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். செடி உயிரோடு இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. மூன்று முதல் ஆறு வாரம் வெளியில் எந்தத் தடயமும் தெரியாமல் உள்ளே வளர்ந்துவிட்டு, பிறகு இலைத்துளைகள் வழியாகவே லட்சக்கணக்கான வித்துகளை வெளியே தள்ளும். ஆரஞ்சுப் பொடி என்று நாம் பார்ப்பது அதைத்தான்.

செடிக்கு இரத்தம் கிடையாது, கிருமியைத் தேடி ஓடும் வெள்ளணுக்கள் கிடையாது, நம் உடலைப் போல் எதிர்ப்பொருள் செய்யும் வித்தையும் கிடையாது. இலையின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டால் செடி ஏதோ குறையோடு பிறந்தது போலத் தோன்றும். உண்மையில் உலகத்தில் உள்ள பூஞ்சைகளில் மிகப் பெரும்பாலானவை காபிச் செடியை ஒன்றும் செய்ய முடியாமல் தோற்றுப் போகின்றன. நமக்குத் தெரிவது, வென்ற ஒன்றிரண்டு மட்டும்.

முதல் காவல் பொதுக் காவல். பூஞ்சைகளின் சுவர் முக்கியமாகக் கைட்டின், குளுக்கான் என்ற இரண்டு பொருள்களால் ஆனது. இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்தான். செடியின் உடலில் கைட்டின் கிடையாது. ஆகவே கைட்டினின் சின்னத் துணுக்கு இலைக்குள் தென்பட்டால்கூட அது வெளியாள்தான் என்பதில் செடிக்குச் சந்தேகம் வராது. உயிரணுவின் மேல் சவ்வில் அந்தத் துணுக்கை உணரும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. உணர்ந்தவுடன் உள்ளே சில மரபணுக்கள் விழித்து, வேறு வகைப் புரதங்களைச் செய்து உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் கொட்டும். அவற்றில் ஒன்று கைட்டினேஸ், கைட்டினை வெட்டும். இன்னொன்று குளுக்கனேஸ், குளுக்கானை வெட்டும். இரண்டும் சேர்ந்தால் பூஞ்சை இழையின் நுனி, அதாவது சுவர் இன்னும் கெட்டிப்படாத இளம் பகுதி, கரையும். வெட்டி விழுந்த துணுக்குகளோ இன்னும் அதிகமாக அபாயத்தைத் தெரிவிக்கும். காவலும் எச்சரிக்கையும் ஒரே வேலையில் நடந்துவிடுகின்றன.

இவ்வகைப் புரதங்கள் முதலில் அகப்பட்டது காபியில் அல்ல, புகையிலையில். 1970இல் வைரஸ் தாக்கிய புகையிலை இலையின் சாற்றைப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், நலமான இலையில் இல்லாத சில புரதங்கள் அதில் புதிதாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். நோயோடு தொடர்புடைய புரதங்கள் என்று பொதுப்பெயர் வைத்து, பி.ஆர்.1, பி.ஆர்.2 என்று எண் போட்டார்கள். இன்று அந்த வரிசை 17 குடும்பங்களுக்குக் குறையாமல் வளர்ந்திருக்கிறது. 1979இல் இங்கிலாந்தில் ரேமண்ட் வைட் என்பவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலை ஊசியால் செலுத்தினார். நோயே இல்லாத இலையில் அதே புரதங்கள் தோன்றின, வைரஸைத் தாங்கும் சக்தியும் கூடியது. ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலம்தான் செடிக்குள் இயல்பாகவே அபாயச் செய்தியைக் கடத்துகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் காபிச் செடிக்கு மாத்திரை கரைத்து ஊற்ற வேண்டாம். காவல் புரதங்களைச் செய்யச் செடி தன் சேமிப்பிலிருந்து செலவழிக்க வேண்டும். எப்போதும் விழித்திருக்கிற செடி காய்ப்பில் பின்தங்கும்.)

இந்தப் பி.ஆர். வரிசையில் ஐந்தாம் எண்ணுக்குத் தனிச் சுவாரசியம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பழம் ஒன்றில் தாமேட்டின் என்ற புரதம் இருக்கிறது. சர்க்கரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இனிப்பு. பி.ஆர்.5 புரதங்கள் அமைப்பில் அதை ஒத்தவை, ஆனால் பொதுவாக இனிப்பதில்லை. பூஞ்சையின் சவ்வைக் குலைப்பது அவற்றின் வேலை. திராட்சைப் பழம் கனியத் தொடங்கும்போது இந்தத் தாமேட்டின் வகைப் புரதமும் கைட்டினேஸும்தான் அதில் மிக அதிகமாகச் சேர்கின்றன. சர்க்கரை ஏறும் நேரமும் காவல் ஏறும் நேரமும் ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒயின் தயாரிப்பவர்களுக்கு மட்டும் இது தலைவலி. பிழிந்த சாறு புளித்து ஒயினாகிப் புட்டிக்குள் போன பிறகும் இந்தப் புரதங்கள் அழிவதில்லை. கொஞ்சம் வெப்பம் பட்டால் திரண்டு ஒயினைக் கலங்கலாக்கிவிடும். பெண்டோனைட் களிமண்ணைப் போட்டு அவற்றை நீக்குகிறார்கள். கொடி பாடுபட்டுச் சேர்த்த காவலைக் களிமண் கொண்டு வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

காபிக்கு வருவோம். போர்ச்சுகலில் ஒய்ராஸ் என்ற ஊரில் காபித் துருவுக்கென்றே 1955 முதல் ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. காபி விளையாத நாட்டில் அதை வைத்ததில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. உலகத்தின் எல்லாத் துரு வகைகளையும் அங்கே கொண்டுவந்து வளர்க்கலாம், தப்பிப் போனாலும் நாசமாக்க அங்கே தோட்டம் இல்லை. அங்குள்ளவர்கள் இலை உயிரணுக்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். துருவைத் தாங்கும் செடியிலும் தாங்காத செடியிலும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் எல்லாம் இருக்கின்றன. தாங்கும் செடியில் அவை சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வந்து சேர்கின்றன. ஆயுதம் இருவரிடமும் இருக்கிறது, நேரத்தில்தான் வெற்றி தோல்வி.

அப்படியானால் ஒரு செடி சீக்கிரம் விழிக்கவும் இன்னொன்று தூங்கவும் என்ன காரணம்? இங்கேதான் இரண்டாம் காவல் வருகிறது. தேர்ந்த பூஞ்சை முதல் காவலை எளிதில் கடந்துவிடும். உறிஞ்சுறுப்பின் வழியாகத் தன்னுடைய சிறு புரதங்களை உயிரணுவுக்குள் அனுப்பி, அபாயச் செய்தி போகும் வழியை அடைக்கும். இந்தச் சிறு புரதங்களை எஃபெக்டர் என்கிறார்கள். தக்காளி இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சை, கைட்டின் துணுக்குகளைச் செடி பார்ப்பதற்கு முன்பே பொறுக்கி மறைப்பதற்கென்றே ஒரு புரதம் வைத்திருக்கிறது. பதிலுக்குச் செடியும் உயிரணுவுக்கு உள்ளேயே காவல் வைத்தது. என்.எல்.ஆர். என்று அழைக்கப்படும் பெரிய புரதங்கள் இவை. நெல்லில் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் ஏறத்தாழ 500 இருக்கின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு எஃபெக்டரை, அல்லது அது செய்யும் சேதத்தை, கண்டுகொள்வதற்கென்று அமைந்தது.

கண்டுகொண்டபின் என்ன நடக்கிறது என்பது 2019இல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சீன ஆராய்ச்சியாளர்கள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இப்படி ஒரு புரதத்தைப் படம் பிடித்தார்கள். சாதாரண நேரத்தில் அது மடங்கித் தனியாகக் கிடக்கிறது. எதிரி தட்டுப்பட்டதும் விரிகிறது. விரிந்த ஐந்து புரதங்கள் ஒன்றுகூடிச் சக்கரமாகின்றன. சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரு குழல் எழும்பி உயிரணுவின் சவ்வில் செருகிக்கொள்கிறது. அந்தத் துளை வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது. சற்று நேரத்தில் அந்த உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. 2022இல் கோதுமைத் துருவை எதிர்க்கும் புரதம் ஒன்றிலும் இதே ஐந்து ஆரச் சக்கரம் காணப்பட்டது. உயிருள்ள உயிரணுவில் மட்டுமே சாப்பிடத் தெரிந்த துருப் பூஞ்சைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. கால் வைத்த இடமெல்லாம் செத்துப் போனால் அது பட்டினியில் முடிய வேண்டியதுதான். தாங்கும் செடியின் இலையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெளிறிய ஒரு சின்னப் புள்ளி. ஆரஞ்சுப் பொடி வராது.

காபியில் இந்த எதிர்ப்பு மரபணுக்களுக்கு எஸ்.எச். என்று பெயர். இதுவரை ஒன்பது அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. 1, 2, 4, 5 ஆகியவை அரபிகாவுக்குச் சொந்தம். 3ஆவது லைபீரிகா என்ற மரக்காபியிலிருந்து வந்தது. 6 முதல் 9 வரை ரொபஸ்டாவின் கொடை. எஸ்.எச்.3 இருக்கும் இடத்தை 2011இல் முழுமையாகப் படித்தபோது, அங்கே வரிசையாக என்.எல்.ஆர். மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. எஸ்.எச். மரபணுக்களில் இரண்டு, ஏற்காட்டுக் காபிக்காரர்களுக்குப் பெயர் தெரியாமலே பழக்கமானவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பக்கத் தோட்டக்காரர் கென்ட், தன் தோட்டத்தில் துருவுக்கு அசையாமல் நின்ற ஒரு செடியைக் கண்டு அதன் விதையைப் பெருக்கினார். கென்ட்ஸ் காபி என்று அது தென்னிந்தியா முழுக்கப் பரவியது. அதில் இருந்தது எஸ்.எச்.2. சில ஆண்டுகளில் கென்ட்ஸிலும் துரு ஏறியது. 1925இல் சிக்கமகளூர் மாவட்டத்துப் பாலஹொன்னூரில் காபி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய வில்சன் மேய்ன், 1930களின் தொடக்கத்தில் காரணத்தைச் சொன்னார்: துரு ஒன்றல்ல, அதில் வெவ்வேறு இனங்கள் இருக்கின்றன, கென்ட்ஸ் ஓர் இனத்தைத் தடுக்கும், இன்னோர் இனத்தைத் தடுக்காது. காபித் துருவில் இனப்பிரிவு உண்டு என்று உலகத்துக்கு முதலில் காட்டியது இந்த வேலைதான். அமெரிக்காவில் ஹரோல்டு ஃப்ளோர் ஆளிச் செடித் துருவை வைத்து, செடியின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்குப் பூஞ்சையில் ஒரு மரபணு ஜோடியாக இருக்கிறது என்ற புகழ்பெற்ற கோட்பாட்டை வெளியிட்டது அதற்குப் பிறகு, 1940களில். பாலஹொன்னூருக்குப் பாடப்புத்தகங்களில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பிறகு பாலஹொன்னூரில், அரபிகாவும் லைபீரிகாவும் இயற்கையாகக் கலந்த ஒரு செடியின் வழிவந்த எஸ்.288ஐக் கென்ட்ஸோடு கலந்தார்கள். 1940களின் நடுவில் வெளிவந்த அந்தப் பிள்ளைதான் எஸ்.795. தந்தை வழியில் ஒரு காவல், தாய் வழியில் ஒரு காவல் என்று எஸ்.எச்.2, எஸ்.எச்.3 இரண்டையும் சுமந்து வந்தது. கோப்பையிலும் ருசி குறையவில்லை. இன்றும் தென்னிந்தியாவின் அரபிகாத் தோட்டங்களில் பரவலாக நிற்பது அதுதான். ஆனால் இப்போது நட்ட எஸ்.795இல் துரு வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். இரண்டு காவலையும் தாண்டத் தெரிந்த இனங்கள் வந்துவிட்டன.

தாண்டுவது எப்படி? காவல் புரதம் எதிரியின் ஓர் எஃபெக்டரை மட்டுமே அடையாளம் வைத்திருக்கிறது. வாசலில் நிற்கும் காவல்காரனுக்குத் திருடனின் மீசை மட்டுமே அடையாளம் என்றால், திருடன் மீசையை மழித்துக்கொண்டு வந்தால் போதும். பூஞ்சை அந்த ஒரு எஃபெக்டரை மாற்றிக்கொள்கிறது, அல்லது கைவிட்டுவிடுகிறது. ஒரு புள்ளியிலேயே லட்சக்கணக்கில் வித்து விடும் பூஞ்சையில், அப்படி மாறிய ஒன்று எங்கேனும் தோன்றத்தான் செய்யும். மலை முழுக்க ஒரே வகைச் செடி நின்றால், அந்த ஒன்றுக்கு மலை முழுவதும் திறந்த வாசல். ஒய்ராஸ் மையம் இதுவரை அடையாளம் கண்ட துரு இனங்கள் 50க்கும் மேல்.

இந்தப் பின்னணியில்தான் திமோர் கலப்பினம் முக்கியமாகிறது. 1920களில் திமோர் தீவில் ஓர் அரபிகாத் தோட்டத்தில், ரொபஸ்டாவோடு தானாகக் கலந்து பிறந்த ஒரு செடி துருவைத் தாங்கி நின்றது. அதன் சந்ததியில் எஸ்.எச். 6 முதல் 9 வரை இருக்கின்றன. நம்மூரில் காவேரி என்று வந்த கேட்டிமோரும், 2007இல் வெளியான சந்திரகிரியும் அந்தக் குடும்பம்தான். இந்தக் காவலும் நிரந்தரமல்ல. ஹோண்டுராஸ் நாட்டில் துரு தாங்கும் என்று நம்பிப் பரப்பப்பட்ட லெம்பிரா என்ற கேட்டிமோர் வகை துருவுக்கு ஆளாகிவிட்டது என்று 2017இல் அறிவித்தார்கள். காவேரியின் எதிர்ப்பும் நம் தோட்டங்களில் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. ஆகவே இப்போதைய உத்தி, ஒரே செடியில் பல காவல்களை அடுக்குவது. இலையைத் துருவுக்குக் காட்டி வாரக்கணக்கில் காத்திருக்காமல், நாற்றுப் பருவத்திலேயே டி.என்.ஏ. அடையாளக் குறியை வைத்து எஸ்.எச்.3 இருக்கிறதா என்று பார்க்க முடிகிறது. அந்தக் குறிகளைக் கண்டறிந்ததில் பாலஹொன்னூர் விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு.

திராட்சையில் இதே உத்தி இன்னும் முன்னே போயிருக்கிறது. ஐரோப்பியத் திராட்சை அமெரிக்க நோய்களை முன்பின் பார்த்ததில்லை. 1878இல் பிரான்ஸுக்குள் அடிச்சாம்பல் நோய் நுழைந்தபோது அது தடுமாறியது. அமெரிக்கக் காட்டுத் திராட்சை ஒன்றில், சாம்பல் நோய்க்கு ஒன்றும் அடிச்சாம்பலுக்கு ஒன்றுமாக இரண்டு காவல் மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை ஆஸ்திரேலிய, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். இரண்டும் என்.எல்.ஆர். குடும்பம். கலப்பு மூலம் இவற்றைப் பெற்ற புதிய கொடிகள் ஐரோப்பாவில் நடப்பட்டு, மருந்தடிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே மழைக்காலம் என்றால் தெளிப்பான் தோளில் ஏறிவிடும்.

தெளிப்பது என்னவென்று பார்த்தால், திராட்சையும் காபியும் மறுபடி சந்திக்கின்றன. பிரான்ஸின் போர்டோ பக்கம், சாலையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமலிருக்கத் துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பது வழக்கம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்று 1882இல் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். 1885இல் போர்டோ கலவை பிறந்தது. நூற்று நாற்பது ஆண்டு ஆகியும் காபித் துருவுக்கு நம் தோட்டங்களில் அடிக்கப்படுவது அதுதான். 100 லிட்டர் தண்ணீருக்குத் துருசு 500 கிராம், சுண்ணாம்பு 500 கிராம். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்துச் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் நீலமாக்கிவிட்டுப் போவது துருசுக்குக் கேடு, கூலிக்கும் கேடு.

மிளகைச் சொல்லாமல் விட்டால் மலைக்காரர்கள் விட மாட்டார்கள். மிளகுக் கொடியைச் சில நாட்களிலேயே சாய்த்துவிடும் வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா. பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது உண்மையான பூஞ்சை அல்ல, பாசிகளுக்கு நெருங்கிய உறவு. திராட்சையின் அடிச்சாம்பல் கிருமியும் அதே வகையறாதான். இவற்றின் சுவரில் கைட்டின் இல்லை என்றே சொல்லலாம், பெரும்பகுதி குளுக்கானும் செல்லுலோஸும். ஆகவே கைட்டினேஸ் இங்கே பயன்படாது, குளுக்கனேஸும் தாமேட்டின் வகைப் புரதமும்தான் வேலை செய்ய வேண்டும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த பைப்பர் கொலுப்ரினம் என்ற காட்டு மிளகு இந்த நோய்க்கு அசைவதே இல்லை. திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மைய ஆராய்ச்சியாளர்கள் அதில் ஆஸ்மோட்டின் என்ற பி.ஆர்.5 புரதத்தின் இரண்டு வடிவங்களைப் பிரித்து, அவற்றின் எதிர்ப்புச் சக்தியை அளந்தார்கள். நம் மிளகோடு அதைக் கலந்து பயிராக்குவது எளிதாக இல்லை. அதுவரை கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சக்தி, தேவம் போன்ற வகைகள் ஓரளவு தாங்குகின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தப் புரதங்கள் எல்லாம் கிருமிக்குத்தான் காவல். அரபிகாவைத் தண்டோடு அழிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டை அவை ஒன்றும் செய்வதில்லை. துரு தாங்கும் என்ற ஒரே காரணத்துக்காக வெயில் பட நடப்பட்ட காவேரித் தோட்டங்கள் பல, துருவில் பிழைத்துத் துளைப்பானில் போயின. நாற்று வாங்கும்போது துருவை மட்டும் கேட்டால் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மலையில் இப்போது பழைய செடிகளைப் பிடுங்கிப் புது நடவு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சரிவு முழுக்க ஒரே வகையை நடாதீர்கள், அது எவ்வளவு புதிய வகையாக இருந்தாலும் சரி. சந்திரகிரி நடும் இடத்தில் நன்றாகக் காய்க்கும் பழைய எஸ்.795 வரிசைகள் சிலவற்றையாவது விட்டு வையுங்கள். கவனிப்பாரில்லாமல் ஓரத்தில் நின்றும் ஆண்டாண்டாகத் துரு ஏறாத பழைய மரம் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அதை வெட்டுவதற்கு முன் காபி வாரிய அலுவலர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கென்ட்ஸும் திமோரும் அப்படி யாரோ ஒருவர் வெட்டாமல் விட்ட செடிகள்தான்.